செத்த இலை, பழுத்த இலை

போன வருடம் பங்குனியில் ஒரு காலை, புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டில் எங்கள் தெருமுனை அரச மரத்தைப் படம் எடுத்து, பாரீஸில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். மரம் முழுக்கத் தளிர். புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் போல அத்தனையும் மின்னிக்கொண்டிருந்தன. பதிலுக்கு அக்கா மகளின் குரல் வந்தது: "மாமா, உங்க ஊர்ல இப்ப ஓத்தோனா?"

ஓத்தோன் என்றால் பிரெஞ்சில் இலையுதிர்காலம். அங்கேயே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இலை சிவந்தால் விழப்போகிறது என்பது அவள் கண்ணுக்குப் பழகிய கணக்கு. நான் அனுப்பியதோ பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத இலை.

"இல்லடா கண்ணு, இது குட்டி இலை" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் கேள்வி மனசிலேயே கிடந்தது. நாலு வருடத்துக்கு முன்பு ஓர் ஐப்பசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஃபோந்தேன்புளோ காட்டில் மூன்று நாள் அலைந்து படம் எடுத்திருக்கிறேன். சேதராப்பட்டு மரங்களை மாசி, பங்குனியில் எடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்தப் படங்களையும் இந்தப் படங்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான், நான் இதுவரை இரண்டையும் இலையுதிர்காலம் என்ற ஒரே பெயரில் அழைத்து வந்தது எவ்வளவு பெரிய பிழை என்று தெரிந்தது.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் பெரும்பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தொல்காப்பியம் வகுத்த இந்த ஆறில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. மழை, குளிர், பனி, வெயில் ஆகியவற்றை வைத்து நாள் எண்ணியவர்கள், இலை விழுவதை ஒரு காலமாக எண்ணவில்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் படித்த 'இலையுதிர்காலம்' வேறொரு மண்ணின் பருவத்துக்கு நாம் செய்துகொண்ட சொல்.

விழுந்த இலையைப் பிரெஞ்சில் 'ஃபேய் மோர்த்' என்கிறார்கள். செத்த இலை என்று பொருள். அது ஒரு நிறத்துக்கும் பெயர். துணிக்கடையில்கூட அந்த மங்கிய செம்மஞ்சளை அப்படிச் சொல்வதுண்டு. நம் பக்கம் இலை சாவதில்லை, பழுக்கிறது. மாங்காய் பழுப்பது போல இலையும் பழுக்கிறது. 'பழுத்த இலை' என்கிறோம். பழுப்பு என்ற நிறத்தின் பெயரே அந்தப் பழுத்தலிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னால் கொழுந்து, துளிர், தளிர். அதற்குப் பின்னால் சருகு. ஓர் இலையின் வாழ்நாளுக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழி, அது உதிரும் காலத்துக்கு மட்டும் ஏன் பெயர் வைக்கவில்லை? மரங்களைப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

ஃபோந்தேன்புளோ பாரீஸுக்குத் தென்கிழக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் காடு. கார் தெ லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஓக், பீச், பைன் மரங்கள். இடையிடையே யானை படுத்துக் கிடப்பது போல மணற்பாறைகள். நான் போனபோது அக்டோபர் முடியும் நேரம். நெருப்புப் பிடித்தாற்போல் சிவந்த காட்டைக் காணப் போகிறேன் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே சிவப்பு குறைவு. பீச் மரங்கள் பொன் மஞ்சள், ஓக் மரங்கள் தோல் செருப்பின் நிறம், தரையெல்லாம் துரு ஏறிய இரும்பு போலப் பெரணிச் செடிகள். காலண்டர் படங்களில் நாம் பார்க்கும் செந்தீ நிறம் வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் உரியது. ஐரோப்பியக் காடுகளில் மஞ்சள்தான் மிகுதி.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது நிறம் அல்ல, அந்தக் காட்டின் ஒற்றுமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லா மரமும் ஒரே காரியத்தில் இருந்தது. பைன் மட்டும் பச்சையாக ஒதுங்கி நின்றது. மற்றதெல்லாம் ஒரே ஆணை கேட்டுக் கிளம்பிய கூட்டம். அந்த ஆணையைக் கொடுப்பது பகல். அங்கே கோடையின் நீண்ட பகல் பதினாறு மணி நேரம். டிசம்பரின் குறுகிய பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகஸ்டு தாண்டியதும் ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் கழிந்துகொண்டே வரும். அதை மரம் அறியும். குளிரும் சேரும்போது, இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகத் தொடங்கும். பச்சையம் சிதையும். இலையில் இருந்த தழைச்சத்தை மரம் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை விலக, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். பகல் காட்டுக்கெல்லாம் பொது. அதனால் காடு மொத்தமும் சேர்ந்தே மாறுகிறது.

சேதராப்பட்டில் பகல் அப்படி ஆணையிடாது. ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கும் நமக்கு, மார்கழியின் குறுகிய பகலுக்கும் ஆனியின் நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இங்கே ஆணை தண்ணீருடையது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. தை பிறந்ததும் வானம் மூடிக்கொள்கிறது. மாசியில் காற்று வறள்கிறது. வேரடியில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்பது மரத்துக்கு மரம் வேறு. ஆழமாக வேர்விட்டவனுக்கு ஒரு கணக்கு, மேலாக வேர்விட்டவனுக்கு ஒரு கணக்கு, ஊசுட்டேரிப் பக்கம் நிற்பவனுக்கு இன்னொரு கணக்கு. அதனால்தான் நம்மிடம் காடு சேர்ந்து உதிர்வதில்லை. ஒவ்வொரு மரமும் தன் வீட்டு வரவு செலவைப் பார்த்துத் தனியாக முடிவெடுக்கிறது.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும் நாட்களில் எங்கள் மயிலம் சாலை ஓரமாக ஒரு நடை நடந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தொழிற்பேட்டை மதில் ஓரத்தில் ஒதிய மரம் ஓர் இலை இல்லாமல், கை விரித்தாற்போல மொட்டையாக நிற்கும். பத்தடி தள்ளி வேம்பு மஞ்சள் மழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும். நிறுத்தி வைத்த லாரியின் தார்ப்பாய் மேலெல்லாம் வேப்பிலை. அதற்கு எதிர்ப்பக்கம் புங்கை, பழையதைக் கொட்டி முடித்துக் கிளிப்பச்சையில் புதுச்சட்டை போட்டிருக்கும். பூவரசு எதையும் கண்டுகொள்ளாது. வருடம் முழுக்க நாலைந்து மஞ்சள் இலையை உதிர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஒரே சாலை, ஒரே நாள், நாலு மரம், நாலு பருவம். இதற்கு ஒரே காலப் பெயர் வைக்க எந்த முன்னோருக்குத்தான் மனசு வரும்?

இதில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. சாலையோரம் இலை கொட்டும் இந்த மரங்களில் பல நாம் வைத்தவை. இந்தக் கடலோரத்தின் பழைய காடு வேறு மாதிரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. காசா, வீரை, பாலை என்று கெட்டி இலைகொண்ட மரங்கள். வெப்ப மண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்று அதற்குப் பெயர். எந்த மாதம் போனாலும் அது மொட்டையாவதில்லை. பழுத்ததை ஒன்றொன்றாக, சத்தமில்லாமல் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அங்கே கேமராவோடு போனால், உதிர்வை மேலே பார்த்துப் பிடிக்க முடியாது. குனிந்து தரையைத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். சிவப்பு ஏன் இரண்டு இடத்திலும் வருகிறது?

இலையின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற சாயம். மஞ்சளைப் போல இது முன்பே ஒளிந்திருப்பதல்ல, அந்தந்த நேரத்தில் இலை புதிதாகச் செய்துகொள்வது. குளிர் நாட்டு மரங்களில் அது இலையின் கடைசி வாரங்களில் சுரக்கிறது. சத்தைத் திருப்பி அனுப்பும் வேலை முடிகிறவரை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை அது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம் மாவிலும், அரசிலும், இலுப்பையிலும் அதே சாயம் இலையின் முதல் வாரங்களில் சுரக்கிறது. இளந்தளிருக்கு இன்னும் பச்சையம் ஏறவில்லை, தோல் கெட்டிப்படவில்லை, மேலே பங்குனி வெயில். அதற்கும் ஒரு குடை வேண்டியிருக்கிறது. 1992-இல் குர்சர், கோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு யோசனையும் சொன்னார்கள். புழுவும் பூச்சியும் அதிகம் கடிக்கும் வயது தளிர்ப் பருவம்தான். அந்த வயதில் பச்சையத்தையும் சத்தையும் இலையில் போட்டால் நஷ்டம். அதனால் இலை விரிந்து முற்றும்வரை மரம் பச்சையாக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்றார்கள்.

ஆக, ஃபோந்தேன்புளோவில் சாலையோரச் செர்ரி மரத்தில் நான் எடுத்த சிவப்பும், சேதராப்பட்டு அரசில் எடுத்த சிவப்பும் ஒரே சாயம். அங்கே அது இலையை வழியனுப்புகிறது. இங்கே குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறது. அதனால்தான் மாந்தளிர் நிறத்தைப் பெண்ணின் மேனிக்குச் சொன்னார்கள் நம் புலவர்கள். சிவந்த இலையைப் பார்த்து இளமையை நினைத்த மரபு நம்முடையது. அதே நிறத்தைப் பார்த்து முதுமையை நினைத்த மரபு ஐரோப்பாவினுடையது. இரண்டு பேரும் கண் முன்னால் இருந்ததைத்தான் சொன்னார்கள்.

படம் எடுக்கும் வேலையில் இந்த வேறுபாடு எப்படிப் புகுந்துவிடுகிறது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

முதலில் ஒளி. அக்டோபர் கடைசியில் ஃபோந்தேன்புளோவில் உச்சிவேளைக்கும் சூரியன் அடிவானத்திலிருந்து 28 பாகைக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். காலை பத்துக்கும் எடுக்கலாம், மதியம் மூன்றுக்கும் எடுக்கலாம்; மரத்தின் பக்கவாட்டில் ஒளி தடவிக்கொண்டே போகும். பனிமூட்டம் வேறு தானாக வந்து பின்புலத்தைத் துடைத்துக் கொடுக்கும். அங்கே அவசரமே இல்லாமல் எடுத்தேன். சேதராப்பட்டில் மாசி நடுவில் உச்சிச் சூரியன் 70 பாகையில் நிற்கும். சித்திரையில் நேராகத் தலைக்கு மேலேயே வந்துவிடும். எட்டு மணி வெயிலில் அரசந்தளிர் வெறும் வெள்ளைப் பளபளப்பு. ஆறரையிலிருந்து ஏழரை வரை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது.

அடுத்தது, எங்கே நிற்பது என்பது. அங்கே விலகி நிற்க வேண்டும். காடு மொத்தமும் ஒரே நிறத்தில் இருப்பதால், தூரம் போகப் போகப் படம் பெரிதாகும். அந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பி, மயிலம் சாலையை அகல லென்ஸில் எடுத்துப் பார்த்தேன். மின்கம்பி, விளம்பரப் பலகை, கம்பெனிக் கூரை, நடுவே எங்கோ ஒரு சிவப்புப் புள்ளி. இந்த ஊரில் அழகே இல்லை என்று அந்த வருடம் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. நம் மரங்களை நெருங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரு மரம், ஒரு கிளை, ஒரு காம்பு. தளிருக்குக் கீழே போய் நின்று, சூரியனை இலைக்குப் பின்னால் வைத்துவிட்டால் போதும். மின்கம்பியும் பலகையும் தாமாக ஒழிந்துபோகும்.

அப்படி நின்றால் அரசந்தளிர் என்ன காட்டும் தெரியுமா? விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பில் ஓர் உறை. அதைப் பிளந்துகொண்டு இலை வருகிறது. வந்த புதிதில் அதற்கு நிமிரத் தெம்பில்லை. வாடியது போலத் தொங்கும். ஓரம் ரோசா, நடு நரம்பு வெளிர் மஞ்சள், இரண்டுக்கும் இடையே தேன் நிறம். நுனியில் நீண்டிருக்கும் வால் மட்டும் காற்றே இல்லாதபோதும் லேசாக அசையும். மூன்றாம் நாள் செம்பு, ஐந்தாறு நாளில் அதில் பச்சை ஊறி ஒரு விதமான எண்ணெய் நிறம், பிறகு முழுப்பச்சை. ஒரே இடத்தில் கால்தடம் போட்டு வைத்துக்கொண்டு இருபத்தொரு நாள் தொடர்ந்து எடுத்தேன். என்னிடம் இருக்கும் படங்களில் எனக்குப் பிடித்தவை அவைதான். அங்கே ஒரு நாளில் நூறு மரத்தை எடுத்தேன். இங்கே இருபத்தொரு நாளில் ஒரே கிளையை எடுத்தேன். இங்கே அழகு நாட்களில் விரிந்து கிடக்கிறது. தினமும் போகிறவனுக்குத்தான் அது கிடைக்கும்.

செல்போனில் எடுப்பவர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்லலாம். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், அது காலை வெயிலின் செம்மையைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும். டேலைட்டில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இலையின் ஒளிர்ந்த பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சிவப்பு சீக்கிரம் வழிந்து, நரம்பெல்லாம் அழிந்துபோகும் நிறம். புங்கந்தளிர் மெழுகு பூசியது போல மின்னும். கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு போலரைசர் வடிகட்டியைத் திருகிப் பாருங்கள், உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும்.

ஃபோந்தேன்புளோவில் படம் எடுப்பது ஒரு நெடிய மரபு. பார்பிசோன் ஊரில் தங்கி வரைந்த ஓவியர் தெயோதோர் ரூசோ, அங்கே பழைய ஓக் மரங்களை வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1852-இல் மூன்றாம் நெப்போலியனுக்கு முறையிட்டார். 1861-இல் 1,097 ஹெக்டேர் காட்டை, கலைஞர்கள் பார்ப்பதற்கென்றே வெட்டாமல் ஒதுக்கிவைத்து ஆணை வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் பதினோரு வருடம் முந்தியது இது. படம் வரைகிறவர்களின் கண் ஒரு காட்டைக் காப்பாற்றியது. அதே ஆண்டுகளில் குஸ்தாவ் லெ கிரே அந்த மரங்களைப் புகைப்படம் எடுத்தார். அன்றைய ரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். மஞ்சளும் சிவப்பும் அதில் கறுப்பாகவே விழும். உலகமே இன்று வண்ணத்துக்காகத் தேடிப் போகும் காடு, அவருடைய தாளில் நிழலும் வெளிச்சமுமாகத்தான் நின்றது. வண்ணம் வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவின் துகள்களுக்குச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பி, ஆட்டோக்ரோம் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு அது.

சேதராப்பட்டு அரசுக்கு அப்படி ஒரு லெ கிரே வரவில்லை, ரூசோவும் வரவில்லை. அந்த ஆணை போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். ஆயிரம் ஹெக்டேர் கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்தும்போது, பங்குனியில் சிவக்கும் நாலு மரத்தைச் சுற்றிக் கோடு போட்டால் போதும்.

உதிர்ந்த பிறகு நடப்பதும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். அங்கே சருகு நனைந்தே கிடக்கிறது. மிதித்தால் சத்தம் வராது. நாளாக நாளாக மட்கி மண்ணோடு சேர்ந்துவிடும். இளம் பீச் மரங்கள் சில, காய்ந்த இலையை விழவிடாமல் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டே நிற்கும். இங்கே சருகு காய்ந்து சலசலக்கும். முன்பெல்லாம் முந்திரித் தோப்புகளில் பெண்கள் சருகு அரித்துச் சாக்கில் அடைத்துக்கொண்டு போவார்கள், அடுப்புக்கு. காஸ் வந்த பிறகு அதற்கு ஆளில்லை. இப்போது கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். ஆறரை மணி ஒளிக்காக நான் போய் நிற்கும்போது, பல நாள் அந்தப் புகைதான் முன்னால் நிற்கும். மரம் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறது. நடுவில் நாம் தீ வைக்கிறோம். அதே மரத்தடியில் கொட்டிவைத்தால் அடுத்த மழைக்குள் உரம்.

எங்கள் டீக்கடை வாசலில் நிற்கும் நாட்டு வாதாம் மரத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது. நம் பக்கம் இலை பழுத்துச் சிவக்கும் அருமையான மரம் அது. அதுவும் வருடத்துக்கு இரண்டு முறைகூட அப்படிச் செய்யும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. நரம்பு மஞ்சளாகவே இருக்க, இடையில் உள்ள சதை மட்டும் மாதுளைச் சாறு ஊற்றியது போலச் சிவக்கும். ஒரு காலை, டீ குடிக்க நிறுத்திய என் வண்டி சீட்டில் ஓர் இலை விழுந்து கிடந்தது. எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். காம்போரத்தில் இன்னும் விரலகலம் பச்சை மிச்சமிருந்தது. அண்ணாந்து பார்த்தால், அது விழுந்த கிளை நுனியிலேயே துளிர் கிளம்பியிருந்தது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று பனையை வைத்துச் சொல்வார்கள். வாதாமில் அந்தச் சிரிப்புக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஃபோந்தேன்புளோ ஓக் அடுத்த துளிரைக் காட்ட ஐந்து மாதம் ஆகும். அந்த ஐந்து மாத வெறுமைதான் அவர்களுக்கு அத்தனை கவிதையையும், அந்தச் செத்த இலை என்ற சொல்லையும் கொடுத்திருக்க வேண்டும். நம் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடைவெளி கிடையாது. பல மரங்களில் சில நாள், சிலவற்றில் அதுவும் இல்லை. ஒரு காலத்துக்குப் பெயர் வைக்க, அது கொஞ்சம் நின்றாவது போக வேண்டுமே.

பிரான்சில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் ஊருக்கு வருவார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான். 1962-இல் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இதுதான் வழக்கம். ஆடியில் வந்து பார்த்தால் மரமெல்லாம் கரும்பச்சை. ஊரின் மாசியும் பங்குனியும் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக அக்கா பங்குனியில் வந்திருந்தாள், இருபது வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக. காலை ஒன்பது மணிக்கு அரச மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தெருவில்தான் வளர்ந்தவள். அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். பிறகு போனை எடுத்து நாலைந்து படம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னடா, நீ அனுப்புனதுல இருந்த செவப்பு இதுல வரவே இல்ல. உன் கேமராலதான் வருமா?"

"கேமரா இல்லக்கா, வெயில் ஏறிடுச்சு. நாளைக்கு ஆறரைக்கெல்லாம் வந்துடு. இந்தா, இந்தக் கல்லு பக்கத்துல நில்லு. பாப்பாவுக்கு வீடியோ போட்டுடு, அவளும் பாக்கட்டும்."

"அங்க அப்ப நடுராத்திரிடா."

"அப்ப படமா எடுத்து அனுப்பு. ஓத்தோன் இல்லன்னு நீயே சொல்லு."